வீட்டுத் தக்காளிக்கு வியாபாரி கண் எதுக்கு?

காம்பைச் சுற்றிக் கொஞ்சம் பச்சை நின்றால் போதும், கமிஷன் கடையில் அந்தக் கூடையைத் தனியாக நகர்த்தி வைத்துவிடுவார்கள். "அண்ணே, காய் கலப்பா இருக்கு. இதுக்கு விலை வராது" என்பார் கடைக்காரர். பல வருசம் அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு, காம்படியில் பச்சை இருந்தால் அது மட்டமான பழம் என்றே நானும் நம்பியிருந்தேன். வீட்டுக் கொல்லையில் பத்துச் செடி வைக்கும்போதுகூட அந்தக் கடைக்காரர் கண்ணால்தான் விதையைத் தேடினேன். அது எவ்வளவு பெரிய பிசகு என்று புரிய எனக்குச் சில வருசம் ஆனது.

நம் கூட்டங்களுக்குப் புதிதாக வருகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "வீட்டுக்கு எந்தத் தக்காளி வைக்கலாம்?" நாமும் யோசிக்காமல், "நாட்டுத் தக்காளி வைங்க" என்று ரெண்டே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தப் பதில் போதாது. எது நாட்டுத் தக்காளி, எங்கே கிடைக்கும், எந்தப் பட்டத்தில் வைப்பது, அடுத்த வருசத்துக்கு விதைக்கு என்ன செய்வது என்று ஒன்றும் அதில் இல்லை. கேட்டவர் நேராக விதைக் கடைக்குப் போகிறார். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற பாக்கெட்டோடு வீட்டுக்கு வருகிறார். பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் நம்முடையது, விதை மட்டும் கம்பெனியுடையது. இதை எத்தனை நாளைக்கு இயற்கை வேளாண்மை என்று சொல்லிக்கொண்டிருப்பது?

சந்தை கேட்பது வேறு, சட்டி கேட்பது வேறு

சந்தைக்குப் போகிற தக்காளிக்கு என்ன வேண்டும்? தோல் தடிப்பாக இருக்க வேண்டும். பெட்டியில் அடுக்கி, வண்டியில் குலுங்கி, ரெண்டு நாள் கிடந்தாலும் நசுங்கக் கூடாது. எல்லாப் பழமும் ஒரே அளவு, ஒரே நிறமாக இருக்க வேண்டும். பறிப்புக் கூலிக்குக் கட்டுப்படியாக, ஒரே சமயத்தில் பெருவாரியாகப் பழுக்க வேண்டும். இதில் ஒன்றையும் நான் தப்பென்று சொல்லவில்லை. கடன் வாங்கி ரெண்டு ஏக்கர் தக்காளி போட்டு ஒட்டன்சத்திரத்துக்கு லோடு அனுப்புகிறவருக்கு அவர் கணக்கு. இலைச்சுருட்டை நச்சுயிரி, வாடல் நோய், கருகல் மூன்றையும் தாங்குகிற அர்கா ரக்ஷக் போன்ற வீரிய ஒட்டு ரகத்தை அவர் தேர்ந்தெடுத்தால், அவரைக் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை.

ஆனால் வீட்டுக்கு அந்தக் கணக்கு எதுக்கு? கொல்லையில் பறித்த பழம் பயணம் போவது இருபது அடி, அடுப்படி வரைக்கும்தான். அதற்குத் தடித்த தோல் வேண்டாம். ரசத்துக்குக் கரைய வேண்டும், புளிப்பு வேண்டும், சாறு வேண்டும். ஒரே நாளில் பதினைந்து கிலோ பழுத்தால் வீட்டுக்கு அது தொல்லை. நாளைக்கு நாலு, நாளை மறுநாள் ஆறு என்று இரண்டு மாதம் காய்த்தால்தான் வசதி.

அந்தக் காம்படிப் பச்சைக்கு வருகிறேன். பழம் முழுவதும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக மேல்நாட்டில் ரகங்களைத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். அந்தச் சீரான நிறத்தைத் தருகிற மரபுக்கூறு, காயில் பச்சையம் உண்டாவதைக் குறைக்கிறது என்று 2012-இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வந்த ஆய்வு காட்டியது. இலையைப் போலவே காயிலுள்ள பச்சையமும் வெயிலில் சர்க்கரை செய்கிறது. பச்சையம் குறைந்தால் பழத்தில் இனிப்பும் குறையும். ஆக, காம்படியில் பச்சை நிற்கிற காய் வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்து வைத்திருக்கிற காய். எதைக் கழிசல் என்று கூடையோடு நகர்த்தினார்களோ, அதில்தான் ருசிக்கான கூறு இருந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

எது நாட்டுத் தக்காளி?

இந்த இடத்தில் நாம் நமக்குள்ளேயே சில விசயங்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

முதல் விசயம்: தக்காளியே நம் ஊர்ப் பயிர் இல்லை. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பக்கம் பிறந்து, மெக்சிகோவில் பயிராகி, போர்ச்சுக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. நமக்கு முன்பே பழக்கமான தக்காளி மணத்தக்காளியும் சொடக்குத் தக்காளியும்தான். வந்ததைச் 'சீமைத் தக்காளி' என்றார்கள். அப்புறம் சீமை உதிர்ந்து தக்காளி மட்டும் நின்றது. வந்த விதையை நம் மக்கள் வருசா வருசம் எடுத்து வைத்து, நம் வெயிலுக்கும் மண்ணுக்கும் பழக்கினார்கள். அப்படிப் பழகியதுதான் நாட்டுத் தக்காளி. எங்கே பிறந்தது என்பதைவிட, விதை யார் கையில் இருந்தது என்பதுதான் அதை நாட்டு ரகம் ஆக்குகிறது.

இரண்டாவது: "ஒட்டு ரக விதை மலட்டு விதை, முளைக்காது" என்று மேடையில் பேசுகிறோம். அது சரியில்லை. முளைக்கும், காய்க்கும். ஆனால் தாயைப் போல் இருக்காது. நானே செய்து பார்த்தேன். ஒரு வருசம் பாக்கெட்டில் வாங்கிய வீரிய ஒட்டுத் தக்காளி நன்றாகக் காய்த்தது. அதிலேயே விதை எடுத்து மறு வருசம் இருபது செடி வைத்தேன். ஒன்று நீளக் காய், ஒன்று உருண்டை, ஒன்று வெடிப்பு, நாலைந்து வாடியே போயின. வீட்டில் கேட்டார்கள், "இது என்ன, ஊர்க் காயெல்லாம் ஒரே பாத்தியில வச்சிருக்கீங்களா?" இரண்டு ரகத்தைக் கலந்து உண்டாக்கிய முதல் தலைமுறை விதை, அடுத்த தலைமுறையில் இப்படித்தான் பிரிந்து நிற்கும். ஆறேழு தலைமுறை பொறுமையாகத் தேர்ந்தெடுத்தால் அதையும் ஒரு நிலைக்குக் கொண்டுவரலாம். அந்தப் பொறுமை எல்லாருக்கும் வராது.

மூன்றாவது: "கடைத் தக்காளி எல்லாம் மரபணு மாற்றியது" என்பதும் தப்பு. அமெரிக்காவில் 1994-இல் அப்படி ஒரு தக்காளி விற்பனைக்கு வந்தது, சில ஆண்டுகளில் காணாமல் போனது. நம் நாட்டில் மரபணு மாற்றிய தக்காளியைச் சாகுபடி செய்ய அனுமதியே இல்லை. இல்லாததைச் சொல்லிப் பயமுறுத்தினால், நாளைக்கு உண்மையிலேயே ஆபத்து வரும்போது நம் பேச்சை யார் நம்புவார்கள்?

எங்கள் மண்ணுக்கு எது?

என் கொல்லை ஆலங்குடிப் பக்கம் செம்மண். ஒரு முழம் தோண்டினால் செம்பொறை தட்டும். பங்குனி பிறந்துவிட்டால் வெயில் மண்டையைப் பிளக்கும். இந்த மண்ணுக்கு நான் சொல்கிற முதல் ரகம் பி.கே.எம் 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்டது. 'அன்னஞ்சி' என்ற உள்ளூர் ரகத்தில் திடீர் மாற்றத்தைத் தூண்டித் தேர்ந்தெடுத்தது. தட்டை உருண்டைப் பழம், காம்படியில் பச்சை நிற்கும், நல்ல புளிப்பு.

"பல்கலைக்கழக ரகமாச்சே, அதை எப்படி நாம வைக்கிறது?" என்று நம் தோழர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அன்னஞ்சி உழவர்கள் காப்பாற்றி வைத்திருந்த விதையில் பிறந்தது அது. திடீர் மாற்றமும் மரபணுப் பொறியியலும் ஒன்றில்லை. வேறு உயிரின் மரபணு எதையும் இதில் புகுத்தவில்லை. அது ஒட்டு ரகமும் இல்லை, விதை எடுத்தால் தாயைப் போலவே வரும். எனக்கு இதுதான் அளவுகோல்: விதை எடுக்க முடியுமா, முடியாதா? முடியும் என்றால் நாலைந்து வருசத்தில் அது என் மண்ணுடையதாக ஆகிவிடும்.

எக்டேருக்கு 30 முதல் 35 டன் வரும் என்று அதற்கு விளைச்சல் சொல்கிறார்கள். ரெண்டடிக்கு ஒன்றரை அடி இடைவெளி என்று கணக்குப் போட்டால், செடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. பதினைந்து செடி வைத்தால் பதினைந்து கிலோ. எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒன்றரை, ரெண்டு கிலோ ஆகும். இரண்டு மாதத்துக்குக் கடைப் பக்கம் போக வேண்டாம்.

கொல்லையில் வாடல் நோய் இருக்கிறது என்றால் (பச்சையாக இருந்த செடி திடீரென்று துவண்டு, தண்டை வெட்டித் தண்ணீரில் வைத்தால் பால் போல வழியும்) பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஆபா, அர்கா அலோக் ரகங்களைப் பாருங்கள். இரண்டும் அந்த நோயைத் தாங்கும், இரண்டிலும் விதை எடுக்கலாம். மானாவாரிக்கு என்றால் பையூர் 1 உண்டு.

இதோடு வாய்க்கால் ஓரத்திலும் பாத்திரம் கழுவுகிற இடத்திலும் தானாக முளைக்கிற சின்னத் தக்காளியைப் பிடுங்கி எறியாதீர்கள். கோலிக்குண்டு அளவுதான் காய்க்கும். ஆனால் பெரிய காய்ச் செடிகள் கோடையில் பூவை உதிர்க்கும்போது, இது பாட்டுக்குக் காய்த்துக்கொண்டிருக்கும். வீட்டுக்கு ஒரு பெரிய காய், ஒரு சின்னக் காய், இந்த ரெண்டு போதும்.

விதைத் திருவிழாக்களில் இப்போது கருப்பு, ஊதா, மஞ்சள், வரிவரியாக என்று இருபது முப்பது வகை விதை வைத்திருக்கிறார்கள். ஐந்து விதை, பத்து விதை என்று எண்ணிக் கொடுக்கிறார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. நானும் வாங்கினேன். 'செரோக்கி பர்ப்பிள்', 'பிராண்டிவைன்' என்று பெயர் பார்த்தாலே தெரியும், அவை அமெரிக்க உழவர் வீடுகளில் காப்பாற்றப்பட்ட மரபு ரகங்கள். அங்கே அவை நாட்டு ரகம். இங்கே மாசி வெயிலில் என் செடி ஒன்றிரண்டு காய் கொடுத்துவிட்டு ஓய்ந்தது. ஆசைக்கு ரெண்டு செடி வையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் முப்பது வகையை ஒரு வருசம் வைத்துப் படம் எடுப்பதைவிட, ஒரே வகையைப் பத்து வருசம் காப்பாற்றுவதுதான் விதைக் காப்பு. கீரனூர்ப் பக்கம் ஒடுகம்பட்டியில் வறண்டு கிடந்த நிலத்தை நம்மாழ்வார் ஐயாவும் தோழர்களும் கொழுஞ்சிப் பண்ணையாக மாற்றியது ஒரு வருச வேலை இல்லை. இடத்தைவிட்டு நகராமல் நின்று செய்தது. விதைக்கும் அந்தப் புத்திதான் வேண்டும்.

பட்டம் தப்பினால் ரகம் காப்பாற்றாது

இரவுச் சூடு 25 டிகிரியையும் பகல் வெயில் 35 டிகிரியையும் தாண்டினால் தக்காளிப் பூ பெரும்பாலும் பிஞ்சாகாமல் உதிரும். "பூ கொட்டுது, என்ன தெளிக்கலாம்?" என்று சித்திரையில் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எங்கள் மாவட்டத்துக்கு நான் பார்த்தவரை நல்ல கணக்கு இதுதான்: கார்த்திகை முதல் வாரம் நாற்று விடுங்கள். அடைமழையில் நாற்று அழுகாமல் மேட்டுப்பாத்தியோ தட்டோ வேண்டும். 25 நாள் நாற்றை மார்கழி பிறந்ததும் நடுங்கள். பொங்கலுக்குப் பூ, மாசியில் பழம். பூக்கிற நாளெல்லாம் இரவு குளிர்ந்திருக்கும்.

இலைச்சுருட்டை நோயைக் கொண்டுவருவது வெள்ளை ஈ. இளநாற்றிலேயே அது வந்து உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எதைத் தெளித்தும் பயனில்லை. நாற்றங்கால் மேல் ஒரு பழைய கொசுவலையைப் போட்டு மூடுங்கள். காய்ப்புழுவுக்குப் பாத்தி ஓரம் செண்டுமல்லி. காயின் அடிப்பக்கம் கருத்து அழுகினால் நோயென்று பயப்பட வேண்டாம். ஒரு நாள் வெள்ளம், நாலு நாள் காய்ச்சல் என்று தண்ணீர் விட்டால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது. மூடாக்குப் போட்டு, தண்ணீரை ஒரே சீராக விட்டால் அடுத்த காய் நன்றாக வரும்.

மாசி, பங்குனியில் கடையிலும் தக்காளி மலிவாகத்தானே இருக்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் மிஞ்சுகிறதை அறுத்து உப்புத் தடவிப் பங்குனி வெயிலில் வற்றலாகப் போடச் சொல்கிறேன். 2023 ஜூலை, ஆகஸ்டில் கிலோ 150 ரூபாய்க்கு மேல் போனதையும், சென்னை ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்றதையும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆடியில் எங்கள் வீட்டுக் குழம்புக்கு வற்றலும், வாய்க்கால் ஓரச் சின்னத் தக்காளியும் இருந்தன.

விதை எடுப்பது

தக்காளியைப் போல விதை எடுக்கச் சுலபமான காய் குறைவு. பூசணி, சுரை போல அல்ல, பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும். இரண்டு ரகம் வைத்தால் பத்தடி தள்ளி வைத்தால் வீட்டுத் தேவைக்குப் போதும்.

நல்ல பழத்தைத் தேடாதீர்கள், நல்ல செடியைத் தேடுங்கள். நோய் அண்டாத, நிறையக் காய்த்த மூன்று நாலு செடிக்குத் துணி கட்டி அடையாளம் வையுங்கள். இரண்டாவது, மூன்றாவது கொத்தில் செடியிலேயே நன்கு பழுத்த பழங்களை எடுத்து, சாறும் விதையுமாகப் பிழிந்து ஒரு கிண்ணத்தில் மூடி வையுங்கள். எங்கள் ஊர்ச் சூட்டுக்கு ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். அதற்குமேல் விட்டால் விதை முளைவிடும். புளித்து நுரை கட்டியதும் நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்குவதை மட்டும் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். அடுப்புச் சாம்பல் கலந்து, கண்ணாடிப் புட்டியில் பெயரும் வருசமும் எழுதி வையுங்கள். மூன்று நாலு வருசம் முளைப்புத் திறன் இருக்கும்.

எடுத்து வைத்த பிறகு செய்ய வேண்டிய இன்னொரு வேலை உண்டு. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது கஜா புயல்.

2018 நவம்பர் 16. ஐப்பசி முடிகிற நேரம். நாற்று விடுவதற்காக விதைக் கலயத்தைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருந்தேன். அதிகாலைக் காற்றில் ஓடு பறந்தது, கலயம் உடைந்தது. ஆறு வருசமாக எடுத்து எடுத்துச் சேர்த்த தக்காளி விதை சேற்றோடு போயிற்று. தென்னை விழுந்து, பலா விழுந்து கிடந்த ஊரில் ஒரு கைப்பிடி தக்காளி விதைக்காக அழ முடியுமா? யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து, மின்சாரம் வந்து, ஊர் கொஞ்சம் நிமிர்ந்த பிறகு, பக்கத்து ஊர்ச் சின்னம்மா பார்க்க வந்தது. பேச்சுவாக்கில் விதை போன கதையைச் சொன்னேன். மறு நாளே முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தது.

"ஏந் தம்பி, இதுக்குப் போய் கவலைப்படுற? ரெண்டு வருசத்துக்கு முந்தி நீ குடுத்ததுதான். எங்கிட்ட இருந்தா ஒங்கிட்ட இருக்க மாதிரிதானே?"

அது கொடுத்த நாற்று தாமதமாகத்தான் போட்டேன், அந்த வருசம் காய் குறைவுதான். ஆனால் விதை திரும்பிவிட்டது. என் பரணில் வைத்திருந்தது போயிற்று. நான் கொடுத்தது பிழைத்தது.

அதனால் சொல்கிறேன், ரகம் தேர்ந்தெடுப்பது உங்கள் வீட்டு விசயம் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க முடிகிற ரகமாகத் தேர்ந்தெடுங்கள். ஒட்டு ரகத்தில் இது நடக்காது. நீங்கள் கொடுக்கிற விதை உங்கள் செடியாக அங்கே நிற்காது. சட்டமும் நமக்குத் தடை போடவில்லை. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர்ந்துகொள்ள, விற்கவும்கூட உழவருக்கு உரிமை தருகிறது. இந்தச் சட்டத்தில் பாதுகாப்புப் பெற்ற ரகத்தைப் பெயர் அச்சிட்ட பாக்கெட்டில் போட்டு விற்பதற்குத்தான் தடை. இந்த உரிமையை நாம் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இந்தக் கார்த்திகைக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள். விதை எடுக்கத்தக்க ஒரே ஒரு தக்காளியைத் தேர்ந்தெடுத்துப் பதினைந்து செடி வையுங்கள். மாசியில் மூன்று செடிக்குத் துணி கட்டுங்கள். எடுத்த விதையில் ஒரு பங்கை மூன்று வீட்டுக்குக் கொடுங்கள். அதில் ஒரு வீடாவது அடுத்த ஊரில் இருக்கட்டும். "எந்தத் தக்காளி வைக்கலாம்?" என்று அடுத்த கூட்டத்தில் யாராவது கேட்டால், ரெண்டு சொல்லில் பதில் சொல்லாமல் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுப்போம்.